லாரிக்கு அடியில் இரண்டு கால்

தண்ணிமாத்து என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது என் தம்பி வீட்டுக் கூடத்தில். அவன் பேத்தி அப்போது ஒன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் பையை ஒரு மூலையில் எறிந்துவிட்டு, "இன்னைக்குத் தண்ணிமாத்து வரல. அதுக்குப் பதிலா கணக்கு வச்சுட்டாங்க" என்று மூக்கை உறிஞ்சினாள்.

"அது யாருடி, குழாய் ரிப்பேர் பண்ற ஆளா?" என்றாள் தம்பி மனைவி.

"மிஸ்ஸு! வரையச் சொல்லிக் குடுக்கற மிஸ்ஸு! எப்பப் பாத்தாலும் தண்ணிய மாத்து, தண்ணிய மாத்துன்னு கத்துவாங்களே, அவங்க!"

விசாரித்துப் பார்த்தால் யாரோ எவரோ இல்லை. என் ஓரகத்தியின் அண்ணன் மகள்தான். பெயர்ப் பலகை எழுதுகிறவருக்கு மூன்றாவதாகப் பிறந்தவள், என் கண் முன்னால் பாவாடை தடுக்கி விழுந்து வளர்ந்தவள். பெற்றவர்கள் யோசித்து யோசித்து வைத்த பெயர் ஒன்று இருக்க, ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மொத்தமும் சேர்ந்து அவளுக்கு வேறு பெயர் வைத்துவிட்டார்கள். அப்புறம் எங்கள் சொந்தத்திலும் அதுவே நிலைத்துவிட்டது. கல்யாண வீட்டில்கூட, "தண்ணிமாத்து வந்துட்டாளா, சாப்டாளா?" என்றுதான் கேட்பார்கள். அவளும் முறைத்துக்கொண்டே பதில் சொல்லுவாள்.

வரைகிற வேலைக்குப் போகவேண்டும் என்று அவள் ஒரு நாளும் ஆசைப்பட்டவள் இல்லை. அப்பா ஏணியில் ஏறி நின்று கடைப் பலகைக்கு எழுத்து எழுதுவார். இவள் கீழே நின்று டப்பாவைப் பிடிக்க வேண்டும். பிரஷ்ஷை முடிப்பக்கம் கீழே இருக்கிற மாதிரி மண்ணெண்ணெயில் நிறுத்திவிட்டால் போச்சு, அன்றைக்கு அந்த மனிதர் வீட்டில் யாரோடும் பேச மாட்டார். கையெல்லாம் எண்ணெய் நாற்றம், நகத்துக்குள் எப்போதும் ஏதாவது ஒரு நிறம். "எங்கயாவது ஆபீசுல, ஃபேனுக்கு அடியில, சுத்தமான கையோட உக்காரணும்" என்பதுதான் அவள் கனவு. ஆனால் படித்து முடித்தபோது இடம் கிடைத்தது ஓவியப் பயிற்சிக்கு. வேலை காலியாக இருந்தது தொடக்கப் பள்ளியில். ஃபேன் இருந்தது, அது சுற்றவில்லை. கை சுத்தமாக இருந்த நாளே இல்லை.

அவள் வகுப்பு எப்படி நடக்கும் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நான் ஒரு நாள் தம்பி பேத்தியைக் கூப்பிடப் போய்விட்டு, ஜன்னல் பக்கம் நின்று பார்த்தேன்.

"மிஸ், முடிச்சுட்டேன்!" என்று ஒரு பொடியன் எழுந்து நின்றான்.

"பேப்பர் குடுத்துட்டு நான் இன்னும் திரும்பக்கூட இல்லையேடா! என்னத்த முடிச்ச?"

"சூரியன்."

"சூரியன் மட்டும்தானா? கீழ ஒருத்தர்கூட இல்லையா உலகத்துல?"

"எல்லாரும் வீட்டுக்குள்ள இருக்காங்க மிஸ். வெளிய வெயிலு."

அதற்குள் அந்தப் பக்கம், "மிஸ், இவ என் மஞ்சள்ல கறுப்ப முக்கிட்டா!" இந்தப் பக்கம், "மிஸ், இவன் கலர்த் தண்ணிய குடிச்சுட்டான்!"

"எவன்டா அவன்? எந்தக் கலரு? நாக்க நீட்டு பாப்போம். ஐயோ ராமா, ஊதாவா இருக்கேடா! போ, போயி வாய் கொப்புளி. ஏய், உன்ன இல்ல, அவன. நீ ஏன் போற? நீயும் குடிச்சியா?"

பிரஷ் கழுவுகிற டப்பாவில் தண்ணீர் சேறு மாதிரி ஆகிவிடும். அதிலேயே முக்கி முக்கிப் போட்டால் மஞ்சளும் சேறு, சிவப்பும் சேறு. கடைசியில் ஆளாளுக்கு எருமை மாட்டு நிறத்தில் ஒரு பேப்பரைத் தூக்கிக்கொண்டு வந்து, பூந்தோட்டம் என்பார்கள். அதற்காகத்தான் அந்தக் கத்தல். கத்திக் கத்தித் தொண்டை கட்டி, வீட்டுக்கு வந்தால் புருஷனிடம் கையால்தான் பேசுவாள். அவருக்கு அதில் ஒன்றும் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வாள். அவளால் பொறுக்க முடியாதது ஒன்று உண்டு. மலை இரண்டு, நடுவில் பாதிச் சூரியன், அதிலிருந்து குச்சி குச்சியாகக் கதிர், மலைக்கு நடுவிலிருந்து ஒரு ஆறு, கரையில் ஒரு வீடு, மேலே புருவம் மாதிரி நாலு பறவை. எந்தப் பிள்ளையிடம் பேப்பரைக் கொடுத்தாலும் அதுதான். ஒரு மலைகூட இல்லாத ஊர் அது.

"நீ மலையப் பாத்திருக்கியா?"

"இல்ல மிஸ்."

"ஆறு?"

"இல்ல மிஸ்."

"அப்புறம் ஏன்டி இதயே போடற?"

"எங்கம்மாவும் இதான் மிஸ் போடுவாங்க."

இதைக் கேட்டால் அவள் ஜன்னல் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நிற்பாள்.

அவள் வேலையில் ஒரு பிடிவாதம் வைத்திருந்தாள். பிள்ளைகளுடைய பேப்பரில் தன் கையை வைக்கவே மாட்டாள். ஒரு கோடு, ஒரு புள்ளி, ஊஹும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கையில் ஒரு அழுக்குத் துணியோடு, வரிசைக்கு நடுவில் நடந்துகொண்டே இருப்பாள். "யானை வரைஞ்சு குடுங்க மிஸ்" என்று அழுதாலும் சரி, காலைக் கட்டிக்கொண்டாலும் சரி. பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை அதில். "ஒருத்திக்கு மூக்குப் போட்டுக் குடுத்தேன்னு வச்சுக்கோங்க, அத்தை, அன்னைக்குப் பூரா நான் மூக்குதான் போட்டுக்கிட்டு இருக்கணும். மொத்தக் கிளாசும் என் மூக்கோட வீட்டுக்குப் போகும்" என்று என் ஓரகத்தியிடம் சொல்லுவாள். அதனால் கையை வைக்காமல், வாயால் கேட்பாள். "இவங்க எங்க நிக்கறாங்க? தரை எங்க? ஏன் இவருக்குக் கை இல்ல? பாக்கெட்டுக்குள்ள இருக்கா? அப்ப பாக்கெட் எங்க?" கேட்கக் கேட்கப் பிள்ளைகள் அலுத்துப்போய், தப்பிக்கிறதற்காகவாவது எதையாவது போட்டுத் தொலைப்பார்கள். அப்படித் தொலைக்கும்போதுதான், எப்போதாவது ஒன்று, மலை இல்லாமல் வரும்.

அவளுக்கென்று அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு அறை இருந்தது. வராந்தாவின் கோடியில், பழைய சாமான் போட்டு வைத்திருந்த அறை. அதில் ஒரு குழாயும் கல் தொட்டியும் இருந்ததால், கெஞ்சிக் கூத்தாடி வாங்கினாள். அதற்கு முன்னால் ஒவ்வொரு வகுப்பாக வாளியில் தண்ணீர் சுமந்துகொண்டு ஓடியவள். அறை வந்த பிறகுதான் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து பெரிய பேப்பரில் கலர் போட்டார்கள். குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டி, துணிக் கிளிப்பால் ஈரப் படங்களை மாட்டி வைப்பாள். சலவைக் கடை மாதிரி இருக்கும். அந்த அறை போனால் குழாய் போச்சு. குழாய் போனால் கலர் போச்சு. மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்து உடைந்த கிரேயானை உரித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அவள் உயிர் அந்தத் தொட்டிக்குள் இருந்தது என்று சொன்னால் மிகையில்லை.

இப்போது அவளுடைய நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். புருஷனுக்கு அக்கா. அதே பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். பிள்ளைகள் வைத்த பெயர் ஸ்கேல் மிஸ். யாரையும் அடித்ததில்லை, எதைச் செய்தாலும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுத்தான் செய்வாள், அதனால் வந்த பெயர். கரும்பலகையில் எழுதினால் அச்சடித்த மாதிரி இருக்கும். மாடியும் கீழுமாக ஒரே வீடு, ஒரே அடுப்பு. இவளுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவள்தான். தங்கமான மனசு. யாருக்காவது ஏதாவது செய்துகொண்டே இருக்காவிட்டால் அவளுக்குக் கை அரிக்கும். கேட்காமலே செய்வாள். வேண்டாம் என்றால் இன்னும் கொஞ்சம் கூடச் செய்வாள்.

அந்த வருஷம் அலுவலகத்துப் பீரோக்கள் வைக்க இடமில்லாமல் வராந்தாவில் நின்றன. தலைமையாசிரியை இவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"டீச்சர், மேலிடத்துலேருந்து பெரிய மேடம் வர்றாங்க. எந்த ரூம் எதுக்குன்னு அவங்கதான் முடிவு பண்ணுவாங்க. உங்க ரூமத்தான் எல்லாரும் கேக்கறாங்க."

"மேடம், தண்ணி இல்லாம நான் எப்படி..."

"அதத்தான் சொல்ல வர்றேன். பெத்தவங்களையும் அன்னைக்கே கூப்பிடறோம். உங்க ரூம்ல படமெல்லாம் மாட்டி வைங்க. பாத்தா அசந்து போகணும். அசந்துட்டாங்கன்னா நான் பேசிக்கறேன். ரூம் உங்களுக்குத்தான்."

அன்றிலிருந்து அவள் பட்ட பாடு சொல்லி மாளாது. "மலை போட்டவன் வெளிய நிப்பான்" என்று மிரட்டினாள். "உங்க வீட்ல தினம் பாக்கறது ஒண்ணு போடுங்க. நீங்க மட்டும் பாக்கறது" என்றாள். முதலில் எல்லோரும் டி.வி. பெட்டி போட்டார்கள். தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு மெல்ல மெல்ல வந்தது. கதவுக்குப் பின்னால் தொங்குகிற சட்டைகள். பல் துலக்குகிற தாத்தா. பாட்டியின் கை மட்டும் ஒன்று, பேப்பர் முழுக்க, ஆறு விரலோடு. தூங்குகிற அம்மாவின் முதுகு.

இரண்டாம் வகுப்பில் ஒரு பெண். ரெட்டைப்பின்னல் என்று கூப்பிடுவார்கள். அப்பா லாரி மெக்கானிக். அவள் போட்டது ஒரு நீல லாரி. பேப்பரின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. அதற்கு அடியிலிருந்து இரண்டு கால் நீட்டிக்கொண்டிருந்தது. ஒன்றில் செருப்பு, ஒன்றில் இல்லை.

"இது யாரு?"

"எங்கப்பா."

"மீதி எங்க?"

"உள்ள. வேலை பாக்கறாரு. சாப்பிடக் கூப்பிட்டா 'இரு, வர்றேன்'ம்பாரு. வரமாட்டாரு."

"இன்னொரு செருப்பு?"

"நாய் தூக்கிட்டுப் போச்சு."

தண்ணிமாத்து துணியைக் கையில் முறுக்கிக்கொண்டே அறையை ஒரு சுற்று சுற்றி வந்து மறுபடியும் பார்த்தாள். அந்த வாரம் முழுக்க அவள் திட்டாமல் இருந்தது அந்த ஒரு நேரம்தான் என்று, அதற்குள் இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்ட தம்பி பேத்தி சொன்னாள். அந்தப் படத்தைக் கதவுக்கு நேர் எதிரே, நுழைகிறவர் கண்ணில் முதலில் படுகிற மாதிரி மாட்ட வேண்டும் என்று மனசில் வைத்துக்கொண்டாள். ரெட்டைப்பின்னலும் வீட்டுக்குப் போய், "அப்பா, நீ ஸ்கூல்ல பெருசா இருக்க. வந்து பாரு" என்று நச்சரித்து, அந்த மனுஷனைக் கடைக்கு லீவு போட வைத்துவிட்டாள்.

பெரிய மேடம் வருகிறதற்கு முந்தின நாள். படங்களைப் பாதி மாட்டியிருக்கிறாள், வீட்டிலிருந்து போன். அவள் சின்ன மகனுக்குப் பல் வலி, முகம் வீங்கிக் கிடக்கிறான். போகாமல் முடியாது. சாவியை யாரிடம் கொடுப்பது? வேறு யார், நாத்தனார்தான் வாசலில் நிற்கிறாளே.

"அண்ணி, மீதி படத்தக் கயித்துல மாட்டி மட்டும் விடுங்க. வேற ஒண்ணும் பண்ணாதீங்க. சரியா?"

"நான் என்னடி பண்ணப்போறேன்? நீ போய்ப் பிள்ளையப் பாரு."

"அண்ணி, ஒண்ணும் பண்ணாதீங்க."

"அட, போன்னா!"

அன்று நாத்தனார் வீட்டுக்கு வரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். விரல் நுனியெல்லாம் கறுப்பு மை. முகத்தில் ஒரு சிரிப்பு, வாய்க்குள் அடக்கி வைத்த சிரிப்பு. "எல்லாம் மாட்டியாச்சா அண்ணி?" என்று கேட்டதற்கு, "நாளைக்கு வந்து பாரு" என்றாள். தண்ணிமாத்து பரீட்சைத் தாள் திருத்தின மை என்று நினைத்துக்கொண்டாள். பல் பிடுங்கின பிள்ளையை மடியில் வைத்திருக்கிறவளுக்கு வேறு என்ன தோன்றும்?

காலையில் போய் அறைக் கதவைத் திறந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

நாத்தனாரும் நாலாம் வகுப்பு டீச்சரும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து, எல்லாப் படத்தையும் முடித்துவைத்திருந்தார்கள். ஒவ்வொரு உருவத்தையும் சுற்றிக் கறுப்பு மையில் பட்டையாகக் கோடு. ஓரம் முழுக்க ஸ்கேல் வைத்து இரட்டைக் கட்டம். வெள்ளையாக இருந்த இடமெல்லாம் நீல வானம். முகம் இருந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். பல் துலக்குகிற தாத்தாகூடச் சிரித்தார். காலியாக இருந்த மேல் மூலைகளில் மலை. இரண்டு இரண்டாக மலை. நடுவில் சூரியன்.

பின்னாலேயே வந்து நின்ற நாத்தனார், "எப்பிடி?" என்றாள்.

"அண்ணி... என்ன அண்ணி பண்ணி வச்சிருக்கீங்க?"

"கண்ணு திறந்தாப்ல இல்ல? பாவம், எல்லாம் அரையும் குறையுமா கெடந்துச்சு. உனக்கோ நேரமில்ல. நாங்க எல்லாரும் உக்காந்து ஒரு கை பாத்துட்டோம். காப்பிகூடக் குடிக்கல தெரியுமா?"

"ஒண்ணும் பண்ணாதீங்கன்னு சொன்னேனே!"

"ஒண்ணும் பண்ணலையே. இருக்கறத எடுப்பாக் காட்டினோம், அவ்வளவுதான். ஒரு கையில ஆறு விரல் போட்டு வச்சிருந்தான் ஒருத்தன். அத மட்டும் அஞ்சாக்கினேன்."

"அவன் பாட்டிக்கு ஆறு விரல்தான் அண்ணி!"

"அதுக்கு? ஊருக்கெல்லாம் காட்டுவாங்களா?"

தண்ணிமாத்துவின் கண் அதற்குள் எதிர்ச் சுவருக்குப் போய்விட்டது. நீல லாரி இருந்தது, கறுப்புக் கோட்டுக்குள், கழுவித் துடைத்த மாதிரி. அடியில் பச்சைப் புல். புல்லில் வரிசையாகச் சிவப்புப் பூ. கால்கள் இல்லை.

"அதுல ஆள் அடிபட்டுக் கெடந்தான்டி! பாக்கவே பயமா இருந்துச்சு. பெரிய மேடம் வர்ற நாள்ல, கதவுக்கு நேரா, லாரிக்கு அடியில பொணம் மாதிரி... நல்லவேளை நான் பாத்தேன். பூச்செடி போட்டு மறைச்சுட்டேன். எவ்வளவு லட்சணமா ஆயிடுச்சு பாரு."

தண்ணிமாத்து ஈரத் துணியை எடுத்துக்கொண்டு அந்தப் படத்தின் கிட்டே போனாள். பூவைத் துடைத்தால் அடியில் இருக்கிற காலும் சேர்ந்துதான் வரும். தண்ணீர்க் கலர் அப்படித்தான். துணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதே வராந்தாவில் செருப்புச் சத்தங்கள் கேட்டன. தலைமையாசிரியையின் குரல், "இப்படி வாங்க மேடம், பாத்து, படி இருக்கு."

பெரிய மேடம் உள்ளே வந்தார். பின்னால் பெற்றவர்கள், பிள்ளைகள். நின்று நிதானமாக ஒவ்வொன்றாகப் பார்த்தார். "அடடா" என்றார். "என்ன நீட்டா இருக்கு! இவ்வளவு சின்னப் பிள்ளைங்களா போட்டாங்க? கோடு ஒண்ணுகூட வெளிய போகலையே." ஒரு மலைக்கு முன்னால் நின்று முகம் மலர்ந்துபோனார். "நானும் சின்ன வயசுல இதேதான் போடுவேன். ரெண்டு மலை, நடுவுல சூரியன்!"

தலைமையாசிரியை இவளைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தார். ரூம் உனக்குத்தான் என்று அர்த்தம். நாத்தனார் முழங்கையால் இவள் இடுப்பில் ஒரு இடி இடித்தாள். பாத்தியா, யாராலே, என்று அர்த்தம். தண்ணிமாத்து வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என்ன வரும் என்று அவளுக்கே பயமாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம், இவர்கள் போய்விட்டால் போதும், குழாய் தங்கிவிடும். மனசுக்குள் அதையே சொல்லிக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் ரெட்டைப்பின்னல் கூட்டத்துக்கு நடுவில் புகுந்து, அப்பாவின் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். சோப்புப் போட்டுத் தேய்த்தும் நகத்தோரம் கறுப்புப் போகாத கை. இஸ்திரி போட்ட சட்டையில் அந்த மனுஷன் வெட்கத்தோடு நடந்து வந்தார்.

"இங்க பாருப்பா, நீதான், இங்க..." என்று காட்டின விரல் அப்படியே நின்றது.

கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். குனிந்து, பேப்பருக்குப் பின்பக்கம்கூடத் தூக்கிப் பார்த்தாள். பிறகு திரும்பி, அறை முழுக்கக் கேட்கிற குரலில், "மிஸ், எங்கப்பா எங்க?" என்றாள்.

பெரிய மேடம் சிரித்தார். "இதோ, உன் பக்கத்துலயே நிக்கறாரே!"

"இவரு இல்ல. படத்துல இருந்தாரு. எங்கப்பாவ யாரு எடுத்தா?"

"விடும்மா. நான்தான் இங்கயே நிக்கறேன்ல" என்றார் மெக்கானிக்.

"நீ சும்மா இருப்பா. உனக்குத் தெரியாது! நான் ரெண்டு கால் போட்டிருந்தேன். எனக்குப் பூவே போட வராது!"

தலைமையாசிரியை சுதாரித்துக்கொண்டார். "பிள்ளை வேற ஏதோ படத்த நெனச்சுக்கிட்டு சொல்லுது, மேடம்" என்று சிரித்துவிட்டு, இவளைப் பார்த்துக் கேட்டார். "இல்லையா டீச்சர்? வேற படம்தானே?"

நாத்தனார் பின்னால் நின்று கிசுகிசுத்தாள். "ஆமான்னு சொல்லு. ஒரு வார்த்தைதானடி. சொல்லேன்."

ஒரு வார்த்தைதான். சொல்லியிருந்தால் தொட்டி, குழாய், கயிறு, அறை எல்லாம் அவளுக்கு. அவள் தலைமையாசிரியையைப் பார்த்தாள், பெரிய மேடத்தைப் பார்த்தாள். குழந்தை இவளையேதான் பார்த்துக்கொண்டு நின்றது. மிஸ் சொல்லிவிட்டால் சரியாகிவிடும் என்று நம்புகிற பார்வை.

"இல்ல மேடம். அதே படம்தான். பிள்ளை சரியாத்தான் சொல்லுது" என்றாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். இத்தனை வருஷத்து எரிச்சல் விடுமா? "கால் இருந்துச்சு. பூ போட்டு மூடிட்டாங்க. இந்தக் கறுப்புக் கோடு எதுவும் பிள்ளைங்க போட்டது இல்ல. இந்தச் சிரிப்பும் அவங்க போட்டது இல்ல. இந்த மலை, சத்தியமா சொல்றேன் மேடம், ஒரு மலைகூட என் பிள்ளைங்க போடல. மலைய விடுங்க மலைய விடுங்கன்னு கத்திக் கத்தி என் தொண்டை போச்சு. கடைசியில பெரியவங்க உக்காந்து போட்டு வச்சிருக்காங்க!"

பெரிய மேடத்தின் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. "அப்போ பிள்ளைங்க போட்டது எது?"

"எல்லாம் அடியில இருக்கு மேடம்."

அவர் மறுபடியும் ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். கோபப்பட்ட மாதிரி இல்லை. குழம்பின மாதிரிதான் இருந்தது. "அடியில இருக்கறது நல்லா இருந்தா, மேல எதுக்குப் போடப்போறாங்க?" என்றார். பிறகு தலைமையாசிரியையிடம் திரும்பி, "சின்னப் பிள்ளைங்கதானே, அவங்கவங்க கிளாஸ்லயே கலர் அடிக்கட்டும். பீரோவ இங்க வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு, சமையலறையைப் பார்க்கப் போய்விட்டார்.

அவ்வளவுதான். மறுநாளே பீரோக்கள் உள்ளே வந்தன. தொட்டிக்கு மேல் ஒரு பலகையைப் போட்டு அதிலும் ஏதோ அடுக்கினார்கள்.

வீட்டில் அதற்கப்புறம் நடந்தது தனிக் கூத்து. நாத்தனார் பேச்சை நிறுத்திவிட்டாள். நேராகப் பேசாமல் அடுப்பைப் பார்த்துப் பேசினாள். "நாலு பேருக்கு முன்னாடி என் மானம் போச்சு. உதவி செஞ்சவள ஒருத்தி இப்படித்தான் காட்டிக்குடுப்பா." இவள் சுவரைப் பார்த்துப் பதில் சொன்னாள். "பேரு சொன்னேனா நான்? பெரியவங்கன்னுதான சொன்னேன்?" "விரல்ல மையோட நின்னேனே, பேரு வேற சொல்லணுமா?" நடுவில் அந்தப் புருஷன் தட்டை வைத்துக்கொண்டு, "யாராவது ஒருத்தர் சாப்பாடு போடறீங்களா?" என்று அடுப்புக்கும் சுவருக்கும் பொதுவாகக் கேட்டார்.

தண்ணிமாத்து என் ஓரகத்தி வீட்டுக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். அழவில்லை. எரிச்சலோடுதான் உட்கார்ந்திருந்தாள்.

"ஆமான்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல அத்தை?"

"சொல்லியிருக்கலாம்தான்" என்றாள் ஓரகத்தி.

"அது என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னுச்சு. அதுகிட்டப் போய், உங்கப்பன் படத்துல இல்லவே இல்லன்னு எப்படிச் சொல்றது? அப்புறம் நான் எந்த வாயால தரை எங்க, கை எங்கன்னு கேப்பேன்?"

ஆனால் அவளை நிஜமாகவே உட்கார வைத்துவிட்டது அது இல்லை. அடுத்த வாரம் இரண்டாம் வகுப்பில் போய்ப் பேப்பர் கொடுத்தாள். ரெட்டைப்பின்னல் குனிந்து மும்முரமாகப் போட்டாள். எட்டிப் பார்த்தால், இரண்டு மலை. நடுவில் சூரியன். ஆறு. வீடு.

"என்னடி தங்கம் இது? லாரி போடலியா?"

"வேணாம் மிஸ். இத யாரும் மாத்த மாட்டாங்க."

அந்தப் பேப்பரை அப்படியே எடுத்துக்கொண்டு வந்து, சாயங்காலம் நாத்தனார் முன்னால் வைத்தாள். குழந்தை சொன்னதையும் சொன்னாள். நாத்தனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள். மனசு கரையப்போகிறது என்று இவள் காத்துக்கொண்டு நின்றாள்.

"நல்லாத்தானடி போட்டிருக்கு. சூரியன்கூடச் சரியா நடுவுல வந்திருக்கு பாரு" என்றாள் நாத்தனார்.

இதற்கு மேல் என்ன செய்ய? தண்ணிமாத்து சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாத்தனாருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் பேச்சு வந்துவிட்டதே என்று அவளும் கூடச் சிரித்தாள். வீட்டில் சாப்பாடு ஒழுங்காகப் பரிமாறப்பட்டது.

ரெட்டைப்பின்னல் அந்த வருஷம் பூராவும் மலைதான் போட்டாள். அவள் அப்பா மட்டும் ஒரு நாள் பள்ளிக்கூட வாசலில் ஒரு வண்டியைக் கொண்டுவந்து இறக்கினார். தண்ணீர் டிரம்மும் கலர் டப்பாவும் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறதற்கு, லாரி இரும்பில் அவரே செய்தது. "ரூம் போயிடுச்சாமே டீச்சர். பாப்பா சொல்லுச்சு" என்றார். நல்ல மனுஷன், ஆனால் அவருக்குத் தெரிந்தது லாரிதான். அந்த வண்டியை ஒரு ஆள் தள்ள முடியாது. வகுப்பு வாசற்படியில் ஏற்ற நாலு பேர் வேண்டும். சக்கரம் போடுகிற கிறீச்சில் மாடியில் கணக்குப் பாடம் நின்றுபோகும். தலைமையாசிரியை எண்ணெய் விடச் சொன்னார்; விட்டார்கள், இன்னும் பலமாகக் கத்தியது. முன்னால் இவள் இழுக்க, பின்னால் நாத்தனார் தள்ள, "மெதுவா தள்ளுங்க அண்ணி, கால் மேல ஏறுது" என்றும், "நீ நேரா இழு, கோணலா இழுக்கறியே" என்றும் சண்டை போட்டுக்கொண்டே வராந்தாவில் போவார்கள். படத்தின் மேல் கை வைக்கிறது இல்லை என்று நாத்தனார் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறாள். ஓரத்துக் கட்டம் மட்டும் போட்டுக்கொள்ளலாமா என்று இன்றைக்கும் கேட்கிறாள்.

தண்ணிமாத்து இப்போதும் அதே பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறாள். காலையில் கீழ் வகுப்புகள், மத்தியானம் நாலாவதும் ஐந்தாவதும்.